குளம் வெட்டியவர் பெயர் கல்லில் இருக்கு, கரண்டு பில் யார் பெயரில்?

ஓம் சரவணபவ 🙏



கொஞ்ச நாளா ஆலயக் குளத்து மோட்டாரைப் பற்றி எங்ககிட்ட நிறைய பேர் கேட்கிறீங்க. கரண்டு பில் கூடிப்போச்சு, ராத்திரியில மோட்டாரை நிறுத்தி வச்சா என்ன என்று சிலர். குளத்தையே மூடிட்டு கார் நிறுத்த இடம் பண்ணலாமே என்று சிலர். கோயிலுக்குக் குளம் அழகு, பில்லைப் பார்க்காதீங்க என்று சிலர். அடுத்த பொதுக்கூட்டத்தில் இது பேச்சுக்கு வரப்போகுது. அதுக்கு முன்னாடி இந்த விஷயத்தோட வரலாற்றைக் கொஞ்சம் தெரிஞ்சுக்கிட்டா நல்லது என்று நினைச்சு இதை எழுதுறோம். பதிவு நீளம்தான். நேரம் கிடைக்கும்போது பொறுமையா படிங்க, வீட்டுப் பெரியவங்களுக்கும் படிச்சுக் காட்டுங்க.

🔸 மோட்டார் இல்லாத காலத்துக் குளம்

தமிழ்நாட்டுப் பெரிய கோயில்களின் குளங்கள் எல்லாம் மோட்டார் வருவதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்னாடி வெட்டியவை. தண்ணீர் எப்படி வந்தது? சரிவில் தானா ஓடி வந்தது. ஆற்றிலிருந்தோ ஏரியிலிருந்தோ ஒரு வாய்க்கால், குளத்துக்குள் நுழையும் இடத்தில் ஒரு மதகு. நிறைஞ்ச பிறகு மிச்சம் வெளியேற ஒரு வழி. பள்ளம் எங்கே, மேடு எங்கே என்று பார்த்துத்தான் குளத்துக்கு இடம் குறிச்சாங்க. தண்ணீரைத் தூக்க வேண்டிய வேலையே இல்லாதபடி முதல் நாளிலேயே யோசிச்சுட்டாங்க.

அப்போ செலவே இல்லையா என்றால், அப்படி இல்லீங்க. வாய்க்காலில் மண் அடைக்கும், குளத்தில் சேறு படியும், கரை உடையும். இதையெல்லாம் பார்க்க ஆள் வேணும், ஆளுக்குக் கூலி வேணும். உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைப் பற்றி நம்ம பிள்ளைகள் தமிழ்ப் பள்ளியில் குடவோலைத் தேர்தலுக்காகப் படிப்பாங்க. முதலாம் பராந்தக சோழன் காலம், கி.பி. 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை. அந்தத் தேர்தலில் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுக்களில் ஒன்றின் பெயரே 'ஏரி வாரியம்'. ஊர் நீர்நிலையைப் பார்த்துக்கொள்வதற்குத் தனியாக ஒரு குழு! தூர் வாருவதற்கென்று பொன்னும் நிலமும் எழுதி வைத்த செய்திகளும் சோழர் காலக் கல்வெட்டுகளில் உண்டு.

கோயில் நந்தவனம் இன்னொரு உதாரணம். பூச்செடிக்குத் தண்ணீர் தானா ஏறி வராது, கிணற்றிலிருந்து இறைக்கணும். ஏற்றம் போட்டு ஆட்கள் இறைச்சாங்க, கவலை கட்டி மாடுகள் இழுத்தது. ஆளுக்குச் சோறு, மாட்டுக்குத் தீவனம். அதுதான் அந்தக் காலத்துக் கரண்டு பில். அந்த பில்லைக் கட்ட, நந்தவனத்தில் வேலை செய்றவங்களுக்கென்று நிலம் விட்டு வச்சாங்க.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். குளம் வெட்டுவது ஒரு தடவை செய்யும் புண்ணியம், அதை நடத்துவது தினசரிச் செலவு. நம்ம முன்னோர் ரெண்டுக்கும் சேர்த்தே ஏற்பாடு செஞ்சாங்க. 'கட்டளை' என்ற சொல்லுக்குப் பொருளே அதுதான். ஒரு காரியத்தை என்றைக்கும் நடத்த, அதுக்கான வருமானத்தையும் கூடவே கொடுத்துவிடுவது.

🔸 நம்ம நாட்டில் முதல் மின்சாரப் பம்பு

இப்போ மலாயாவுக்கு வருவோம். இந்த நாட்டில் மின்சாரம் முதன்முதலில் எதுக்குப் பயன்பட்டது தெரியுமா? அரண்மனை விளக்குக்கு இல்லை, வெள்ளைக்காரத் துரை வீட்டு விசிறிக்கும் இல்லை. தண்ணீர் இறைக்கத்தான்!

1894-ஆம் ஆண்டு, சிலாங்கூர் ராவாங்கில், ஈயச் சுரங்கத்துக்காக ஒரு சிறிய மின்னாக்கி நிறுவப்பட்டது. தீபகற்ப மலேசியாவில் மின்சாரம் பயன்பட்டதற்கான முதல் பதிவு அதுதான். சுரங்கத்துத் தண்ணீரை இறைக்கும் மின்சாரப் பம்பும் அங்கேதான் முதலில் ஓடியது. கோலாலம்பூர் ரயில் நிலையத்துக்கே அடுத்த ஆண்டு, 1895-ல்தான் மின்சாரம் வந்தது.

அதை நிறுவியவர்கள் இரண்டு பேர். ஒருவர் சீனத் தொழிலதிபர் லோக் இயூ. இன்னொருவர் நம்ம கா. தம்புசாமி பிள்ளை.

ஆமாங்க, அதே தம்புசாமி பிள்ளைதான். 1873-ல் தொடங்கிய கோலாலம்பூர் ஸ்ரீ மகாமாரியம்மன் ஆலயத்தின் நிறுவனர். பத்துமலைக் குகையில் முருகப் பெருமானுக்கு வழிபாடு ஏற்படுத்தியவர். 1892 முதல் அங்கே தைப்பூசம் நடக்குது. அதுக்கு இரண்டு வருஷம் கழிச்சு ராவாங்கில் மின்சாரப் பம்பு. தைப்பூசத்துக்குக் காவடி தூக்குறப்போ அவரை நினைக்கிறோம். அடுத்த தடவை மோட்டார் சுவிட்சைத் தட்டுறப்போவும் கொஞ்சம் நினைச்சுக்குங்க.

ஈயம் எடுக்க ஏன் பம்பு? ஈயம் கலந்த மண் பள்ளத்தில் கிடக்கும். தோண்டத் தோண்டத் தண்ணீர் ஊறும், நம்ம ஊர் மழையும் சேர்ந்துக்கும். இறைச்சுக்கிட்டே இருந்தாத்தான் அடுத்த கூடை மண்ணை எடுக்க முடியும். முதலில் மனுஷன் காலால் மிதிக்கிற சங்கிலி இறைவை, நீர்ச்சக்கரம். பிறகு நீராவி எஞ்சின். நீராவி எஞ்சினுக்கு விறகு வேணும். சுத்துவட்டாரக் காட்டு மரமெல்லாம் அடுப்புக்குப் போச்சு. விறகு தூரமாகத் தூரமாக வண்டிக்கூலியும் ஏறும். அந்த நிலையில் வந்ததுதான் மின்சாரப் பம்பு.

ஆக, தண்ணீரைத் தூக்குறதுக்கு என்ன செலவு என்ற கேள்வி நம்ம ஆலயக் கூட்டத்தில் புதுசா முளைச்ச கேள்வி இல்லை. இந்த நாட்டு மின்சார வரலாறே அந்தக் கேள்வியில்தான் தொடங்குது. ஒரே வித்தியாசம், சுரங்கக்காரருக்கு இறைச்ச செலவை ஈயம் திருப்பிக் கொடுத்தது. நம்ம குளம் காசு கொடுக்காது, மன நிறைவைத்தான் கொடுக்கும். அந்த மன நிறைவுக்கான செலவை யார் ஏத்துக்கிறது என்பதுதான் இப்போ கேள்வி.

🔸 பம்பு நின்றதால் பிறந்த குளங்கள்

இன்னொரு வேடிக்கையும் சொல்லணும். இந்த நாட்டில் பம்பு நின்றதாலேயே உண்டான நீர்நிலைகள் ஏராளம். சுரங்கம் மூடிய பிறகு பம்பை நிறுத்தினாங்க, பள்ளம் தானா நிறைஞ்சது. அதைத்தான் ஈயக்குட்டை என்கிறோம். 1880-களில் உருவான தைப்பிங் ஏரிப் பூங்கா பழைய ஈயச் சுரங்க நிலம்தான். செரி கெம்பாங்கான் பக்கம் இருக்கும் 'மைன்ஸ்' ஏரி, ஒரு காலத்தில் உலகின் மிகப் பெரிய திறந்தவெளி ஈயச் சுரங்கங்களில் ஒன்று. இன்றைக்கு அதில் படகு ஓடுது.

அந்த ஏரிகளை உயிரோட வச்சிருப்பது மழையும் ஊற்றும் மண்ணும். நம்ம ஆலயக் குளங்கள் அப்படி இல்லை. பெரும்பாலும் கடந்த சில பத்தாண்டுகளில் திருப்பணியோட சேர்த்துக் கட்டியவை. அடியில் சிமெண்டு, சுத்தி டைல்ஸ். தண்ணீர் ஊறவும் வழியில்லை, ஓடவும் வழியில்லை. உள்ளே தாமரை, வண்ண மீன், நடுவில் ஒரு நீரூற்று. ஈயக்குட்டை பம்பு நின்றால் பிறக்கும், நம்ம குளம் பம்பு நின்றால் செத்துப்போகும்.

🔸 ராத்திரியில நிறுத்தலாமா?

இதுக்கு நேரடியா பதில் சொல்லிடுறோம். மீன் இருக்கிற குளத்தில் ராத்திரிதான் மோட்டார் ரொம்ப அவசியம்.

பகலில் வெயில் படும்போது தண்ணீரில் இருக்கும் செடியும் பாசியும் பிராணவாயுவை வெளிவிடும். இருட்டின பிறகு மீனோடு சேர்ந்து அவையும் பிராணவாயுவை இழுத்துக்கும். அதனால விடியற்காலையில்தான் தண்ணீரில் பிராணவாயு ஆகக் குறைவா இருக்கும். சுடுதண்ணீரில் பிராணவாயு கரைவதும் குறைவு, நம்ம ஊர்த் தண்ணீர் எப்பவும் வெதுவெதுப்புத்தான். ராத்திரி பத்து மணிக்கு நிறுத்திட்டுக் காலை பூசைக்கு வந்து பார்த்தா, மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அதை மிச்சம் என்று சொல்ல முடியாது.

இரண்டாவது காரணம் கொசு. தேங்கின தண்ணீரில் கொசுப்புழு கண்டுபிடிச்சா சட்டம் சும்மா விடாது. மலேசியாவில் 1975-ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டம் இருக்கு, சிங்கப்பூரிலும் இதுக்குத் தனிச் சட்டம் இருக்கு. அபராதத்தை விட முக்கியம், கோயிலுக்கு வர்ற குழந்தைக்கு டெங்கி வரக்கூடாது. மீன் கொசுப்புழுவைத் தின்னும். மீன் உயிரோட இருக்கணும்னா தண்ணீர் ஓடணும்.

🔸 கணக்கைப் பார்ப்போம்

ஒரு குதிரைச் சக்தி மோட்டார் என்றால் சுமார் 0.75 கிலோவாட். நாள் முழுக்க ஓடினால் 18 யூனிட். மாதம் 540 யூனிட். பழைய மோட்டார் இன்னும் கொஞ்சம் கூடவே இழுக்கும். யூனிட் 50 சென் என்று ஒரு கணக்குக்கு வச்சுக்கிட்டா, மாதம் 270 வெள்ளி, வருஷத்துக்கு 3,240 வெள்ளி. இது ஒரே ஒரு மோட்டாருக்கு. நீரூற்றுக்கு ஒண்ணு, வடிகட்டிக்கு ஒண்ணு, செயற்கை அருவிக்கு ஒண்ணு என்று மூணு ஓடினால், பெருக்கிப் பாருங்க.

ஆனா தண்ணீரைத் தூக்குறது உண்மையிலேயே இவ்வளவு செலவான வேலையா? இல்லை. ஒரு யூனிட் மின்சாரத்தில் இருக்கும் சக்தி, 1,000 லிட்டர் தண்ணீரை 367 மீட்டர் உயரம் தூக்கப் போதும். பம்பில் பாதி வீணாகுதுன்னே வச்சுக்குவோம், அப்பவும் 180 மீட்டருக்கு மேல். பத்துமலை முருகன் சிலையின் உயரம் 42.7 மீட்டர். அந்தத் திருமுடி உயரத்துக்கு 1,000 லிட்டரை நாலு தடவை ஏத்த ஒரே யூனிட் போதும்! நம்ம குளத்தில் தண்ணீர் ஏறுவதோ ஒரு ஆள் உயரம்கூட இல்லை.

அப்போ மிச்சக் காசு எங்கே போகுது?

ஒண்ணு, சின்னக் குழாய். ஒடுங்கின குழாயில் தண்ணீரைத் திணிக்கத்தான் மோட்டார் பெருமூச்சு விடுது. குழாயின் விட்டத்தை இரட்டிப்பாக்கினால், அதே அளவு தண்ணீருக்கு உரசலில் வீணாவது ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்காக இறங்கிடும்.

ரெண்டு, அடைச்ச வடிகட்டி. பூ, வாழைப்பழத் தோல், மீனுக்குப் போட்ட ரொட்டி, விளக்கு எண்ணெய், இதெல்லாம் அங்கேதான் போய் நிற்குது. அடைச்ச வடிகட்டியோட மோட்டார் மல்லுக்கட்டுது, தண்ணீர் வர்றது என்னமோ கொஞ்சம்தான். பக்தர்கள் குளத்தில் எதையும் போடாதீங்க என்று நாங்க திரும்பத் திரும்பச் சொல்றது உங்களைக் கண்டிக்க இல்லை. அந்த ரொட்டித் துண்டுக்கும் கரண்டு பில்லுக்கும் சம்பந்தம் இருக்கு.

மூணு, வேகம். தண்ணீர் குளத்துக்குள்ளேயே சுத்தி வரும் இடத்தில், பம்பின் வேகத்தைப் பாதியாக்கினால் சுத்துற தண்ணீரும் பாதியாகும், ஆனா அது இழுக்கும் சக்தி ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகிடும். ஒரு மோட்டாரைப் பன்னிரண்டு மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டி, மிச்ச நேரம் நிறுத்தி வைப்பதை விட, வேகத்தை மாத்தக்கூடிய மோட்டாரை இருபத்து நாலு மணி நேரமும் மெதுவா ஓட்டுவது சிக்கனம். மீனுக்கும் அதுதான் நல்லது. உயரமா பீச்சி அடிக்கும் நீரூற்று மட்டும் பூசை நேரத்திலும் விசேஷ நாளிலும் ஓடினால் போதும்.

🔸 பில் வராத கரண்டுக்கும் விலை உண்டு

அரசாங்கம் கோயிலுக்கு இலவசமா கரண்டு கொடுத்தா பிரச்சனை தீர்ந்திடுமே என்று சிலர் சொல்றாங்க. தமிழ்நாட்டு அனுபவத்தைப் பார்ப்போம். 1932-ல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் ஓட ஆரம்பிச்சது. கோயம்புத்தூர் பக்கம் ஆலைகள் வந்தது, கிணற்றுக்குக் கிணறு மின்சாரப் பம்பு வந்தது. கவலை மாடுகள் ஓய்வு எடுத்தது. 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் பம்புக்கு இலவச மின்சாரம் கிடைச்சது. ஏழை உழவருக்கு அது பெரிய உதவி, அதில் சந்தேகமே இல்லை. ஆனா இறைக்கிறதுக்கு விலை இல்லாமல் போனபோது, பல வட்டாரங்களில் நிலத்தடி நீர் கீழே கீழே இறங்கியது. கரண்டு பில் காகிதத்தில் வரலை, கிணற்றின் ஆழத்தில் வந்தது.

கோயில் குளங்களும் அந்த விலையைக் கொடுத்தது. வாய்க்கால் மேல் வீடு வந்தது, ஆற்றில் மணல் போச்சு, நிலத்தடி நீர் இறங்கியது. மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தை எடுத்துக்குங்க. திருமலை நாயக்கர் 1645-ல் அமைத்ததாகச் சொல்லப்படும் குளம், பக்கத்துக்குப் பக்கம் ஏறக்குறைய ஆயிரம் அடி. வைகைத் தண்ணீர் கால்வாய் வழியா தானா வந்து நிறைய வேண்டிய குளம். நம்ம பத்துமலையில் காவடி ஆடும் அதே தைப்பூச நாளில், அங்கே மீனாட்சி அம்மனும் சுந்தரேசுவரரும் தெப்பத்தில் வலம் வருவாங்க. ஆனா நீண்ட காலம் அந்தக் குளம் வறண்டு கிடந்தது. பிள்ளைகள் உள்ளே இறங்கி கிரிக்கெட் ஆடினாங்க. தெப்பத் திருவிழாவுக்கு மட்டும் எங்கிருந்தாவது தண்ணீர் கொண்டுவந்து விட வேண்டிய நிலை.

அண்மை ஆண்டுகளில் வைகையிலிருந்து வரும் பனையூர்க் கால்வாயைத் தூர் வாரிச் சரிசெய்தாங்க. பழைய வழியிலேயே தண்ணீர் வந்தது, குளம் நிறைஞ்சது, மக்கள் படகில் போனாங்க. புதுசா பெரிய மோட்டார் வாங்கி அதைச் சாதிக்கலை. நாயக்கர் காலத்துச் சரிவு அப்படியே இருந்தது. அடைச்சதை எடுத்துவிட்டாங்க, அவ்வளவுதான்.

🔸 நமக்கு வானம் கொடுத்திருப்பது

மதுரையில் வருஷத்துக்கு 1,000 மில்லிமீட்டர் மழைகூட இல்லை. கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் 2,000 மில்லிமீட்டருக்கு மேல். 100 சதுர மீட்டர் மண்டபக் கூரையில் 2,000 மில்லிமீட்டர் மழை விழுந்தால் அது 2 லட்சம் லிட்டர். அதில் பெரும்பகுதி நேரா சாக்கடைக்குப் போகுது. நாம மீட்டர் ஓடும் குழாய்த் தண்ணீரைக் குளத்தில் விடுறோம். கூரைத் தண்ணீரை ஒரு மேல்தொட்டியில் பிடிச்சு, வடிகட்டிக் குளத்துக்கு இறக்கினால், அந்த அளவுக்கு மோட்டார் வேண்டாம், சரிவே போதும்.

குளம் போனால் என்ன மிஞ்சும் என்பதற்கும் ஒரு அடையாளம் பக்கத்திலேயே இருக்கு. சிங்கப்பூரில் 1859-ல் நாட்டுக்கோட்டை நகரத்தார் கட்டிய தெண்டாயுதபாணி ஆலயம் இருக்கும் சாலையின் பெயர் டேங்க் ரோடு. மலையடியில் நீர் சேர்ந்த ஒரு குளம் அங்கே இருந்ததாகவும், அதன் கரையில் அரச மரத்தடியில் வேல் வைத்துக் கும்பிட்டதாகவும் வழிவழியாகச் சொல்வார்கள். மழைநீரை ஊருணியில் சேர்த்துக் குடித்த செட்டிநாட்டு மண்ணிலிருந்து வந்தவங்க தண்ணீர்க் கரையில் வேலை நட்டதில் ஆச்சரியம் இல்லை. இன்றைக்குக் கோயில் கம்பீரமா இருக்கு. குளம் தெருப் பெயரில் மட்டும்தான் இருக்கு.

🔸 நாங்கள் கேட்பது

ஆலயத்தில் எந்தக் கல்வெட்டை வேணும்னாலும் போய்ப் பாருங்க. கோபுர உபயம், கதவு உபயம், மணி உபயம், குளம் உபயம், எல்லாத்துக்கும் ஒரு பெயர் இருக்கும். அவங்க குடும்பம் நல்லா இருக்கட்டும். ஆனா குளத்து மோட்டாரின் கரண்டு பில்லுக்கு எந்தக் கல்வெட்டிலும் பெயர் இல்லை. அது உண்டியல் பணத்திலிருந்து, அன்னதானத்துக்கும் சமய வகுப்புக்கும் போக வேண்டியதிலிருந்து சத்தமில்லாமல் போகுது.

அதனால பொதுக்கூட்டத்தில் நாங்கள் நாலு யோசனை வைக்கப் போறோம்.

1. குளத்து மோட்டார்களுக்குத் தனியா ஒரு சின்ன மீட்டர். எவ்வளவு ஓடுது என்று தெரியாமல் கூடுது குறையுது என்று பேசிப் பயனில்லை.

2. வடிகட்டிக்கு வேகம் மாற்றக்கூடிய மோட்டார், அகலமான குழாய். நீரூற்று பூசை நேரத்துக்கு மட்டும்.

3. மண்டபக் கூரை மழைநீரைக் குளத்துக்குத் திருப்புவது.

4. 'குளக் கட்டளை' என்று ஒரு உபயம். ஒரு நாள், ஒரு வாரம், ஒரு மாதம் என்று அவரவர் வசதிப்படி. பிறந்தநாளுக்கு அர்ச்சனை செய்வது போல, அன்றைக்குக் குளத்துக்கு உயிர் கொடுப்பது உங்கள் குடும்பம். மாதா மாதம் மீட்டர் கணக்கையும் பில்லையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம்.

இதைச் செய்த பிறகும் கட்டுப்படியாகலைன்னா, குளத்தைச் சின்னதாக்குவதா, மீனைக் குறைச்சுத் தாமரையை மட்டும் வைப்பதா என்று எல்லாரும் சேர்ந்து முடிவெடுப்போம். கணக்கே பார்க்காமல் மூடவும் வேண்டாம், கணக்கே பார்க்காமல் ஓட்டவும் வேண்டாம்.

ஏரி வாரியம் அமைத்த ஊர்க்காரங்களுக்கு 1,100 வருஷத்துக்கு முன்னாடியே இது தெரிஞ்சிருந்தது. தண்ணீர் தெய்வம் கொடுப்பது, அதைக் கொண்டுவந்து காப்பாத்துற செலவு மனுஷனோடது. அந்தச் செலவுக்கும் ஒரு பெயர் எழுதுவோம் வாங்க.

பொதுக்கூட்டத்துக்குத் தவறாமல் வாங்க. வர முடியாதவங்க உங்கள் கருத்தை ஆலய அலுவலகத்தில் எழுதிக் கொடுங்க.

முருகன் அருள் முன்னிற்கட்டும். 🙏

அன்புடன்,
ஆலயத் தொண்டர்கள்